அவதாரம் வேண்டாம், தலைமையாசிரியர் வேண்டும்!

தமிழ்ப் படவுலகம் பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்ப்பதே அரிது. கல்லூரி என்றால் காதல். பள்ளி என்றால் சீருடை அணிந்த காதல். இப்படி ஒரு வழக்கத்தை வகுத்துக்கொண்ட அந்த உலகிலிருந்து, அரசுப் பள்ளியின் விரிசல் கண்ட சுவரையும் வகுப்புக்கு வராத ஆசிரியரையும் பொருளாகக் கொண்டு ஒரு படம் வெளிவருமானால் அதை வரவேற்பதுதான் முறை. 2012இல் வந்த 'சாட்டை'யை நாடு வரவேற்றது. 2019இல் வந்த 'ராட்சசி'யையும் வரவேற்றது. இன்றும் ஆசிரியர் நாள் வந்துவிட்டால் போதும், அவ்விரு படங்களின் துண்டுக் காட்சிகள் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவுகின்றன. நம் தோழர்கள்தாம் அவற்றை முதலில் அனுப்புகிறார்கள். அனுப்பட்டும். ஆனால் கைதட்டி முடித்தபின் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

அந்தத் தலைமையாசிரியர் எங்கிருந்து வந்தார்?

'ராட்சசி'யின் கதை நாடறிந்தது. இழுத்து மூடப்படும் நிலைக்கு வந்துவிட்ட ஓர் அரசுப் பள்ளி. கடமை மறந்த ஆசிரியர்கள். எதிரே, கல்வியைக் கடைச்சரக்காக்கிய தனியார் பள்ளி முதலாளியின் செல்வாக்கு. இந்த இருளுக்குள் கீதாராணி என்னும் தலைமையாசிரியை அடியெடுத்து வைக்கிறார். ஜோதிகா அப்பாத்திரத்தைக் குறைவின்றி ஏற்று நடித்திருக்கிறார். குரலிலே கண்டிப்பு, கண்ணிலே கனிவு. அவர் நடந்துவந்தால் ஆசிரியர் அறை அடங்குகிறது. அடியாட்கள் வந்தால் அவர்களும் அடங்குகிறார்கள், வேறு வகையில்! இயக்குநர் கௌதம்ராஜ் அரசுப் பள்ளியின் மீது உண்மையான பற்றுக் கொண்டவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. படத்தின் உரையாடல்கள் பல, ஆசிரியத் தொழிலில் இருக்கும் நம்மைக் கூசவைத்தன, கூசவைக்க வேண்டியவைதாம்.

படத்திலே நெஞ்சைத் தொட்ட இடம் ஒன்று உண்டு. ஒன்பதாம் வகுப்பிலே தேர்ச்சியில்லை என்று நிறுத்தப்பட்டுப் படிப்பையே விட்டுப்போன பிள்ளைகளைத் தேடிக் கீதாராணி புறப்படும் இடம் அது. சண்டைக் காட்சிக்குக் கிடைத்த கைதட்டலில் கால்பங்கு கூட அதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் தோல் நகரங்களில் பணியாற்றும் நம்போன்றோருக்கு அந்தக் காட்சி வெறும் காட்சியன்று. 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின்படி எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் தேர்ச்சியில்லை என்று நிறுத்துவதில்லை என்பது தமிழ்நாட்டில் நடைமுறை. பத்தாம் வகுப்பிலோ பொதுத்தேர்வு. பள்ளியின் பெயர், தலைமையாசிரியரின் பெயர், மாவட்டத்தின் பெயர் எல்லாம் அந்த ஒரு தேர்வின் விழுக்காட்டில் தொங்குகின்றன. ஆகவே, பத்தாம் வகுப்பு ஒளிரவேண்டுமானால் ஒன்பதாம் வகுப்பிலே சல்லடை போடு என்னும் குறுக்குப் புத்தி பிறக்கிறது. சல்லடையில் தங்காமல் விழுந்த பிள்ளை எங்கே போகிறது? ஆம்பூரில் கேட்டால் தெருப்பிள்ளையும் சொல்லும். பையன் தோல் ஷாப்புக்குப் போகிறான். பெண் வீட்டிலே உட்கார்ந்து காலணியின் மேற்பகுதியைக் கையால் தைக்கிறாள், ஜோடிக்கு இவ்வளவு என்று எண்ணித் தரும் கூலிக்கு. குடியாத்தம் பக்கமானால் பீடித் தட்டு மடியேறுகிறது. திண்ணையில் நடக்கும் தையலுக்கு வயதுச் சான்று கேட்பார் எவருமில்லை.

இதைக் கண்ட படம், இதற்கு மேல் ஏன் போகவில்லை? இங்கேதான் நம் கேள்விக்குப் படம் தரும் விடையைப் பார்க்கவேண்டும். கீதாராணி எங்கிருந்து வந்தார்? இராணுவத்திலிருந்து வந்தார்! ஆம் தோழர்களே, கட்டுப்பாடும் துணிவும் நேர்மையும் கொண்ட ஒரு பள்ளித் தலைவரைக் கற்பனை செய்யப் புகுந்த கதாசிரியருக்கு, அவர் ஆசிரியர் கூட்டத்திலிருந்தே முளைத்து வந்தார் என்று காட்ட மனம் வரவில்லை. இந்நாட்டின் அரசுப் பள்ளிகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் இருக்கிறோம். எங்களுள் ஒருவருக்கும் அந்தத் தகுதி வளராதாம். பாசறையிலிருந்து ஒருவர் வரவேண்டுமாம்!

உலகில் அறம் குன்றும்போதெல்லாம் மேலிருந்து ஒருவர் இறங்கி வருவார் என்று புராணிகன் சொன்னான். நாம் சிரித்தோம். மனிதன் செய்த கேட்டை மனிதனே நீக்கவேண்டும், மேலிருந்து எவனும் வரமாட்டான் என்று மேடைதோறும் பேசினோம். அதே நாம், இருட்டரங்கில் உட்கார்ந்து, பள்ளி குன்றும்போது மேலிருந்து ஒரு தலைமையாசிரியை இறங்கி வருவதைக் கண்டு கைதட்டுகிறோம். சங்கும் சக்கரமும் இல்லை. கையிலே வருகைப் பதிவேடு இருக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு. அவதாரத்துக்கு இன்னொரு இயல்பும் உண்டு. வந்த வேலை முடிந்ததும் அது போய்விடும். போனபின் ஊர் என்ன ஆகும் என்று புராணமும் சொல்வதில்லை, படமும் சொல்வதில்லை. அரசுப் பள்ளியிலே அது நாள்தோறும் எழும் கேள்வி. நல்ல தலைமையாசிரியர் மே மாதத்தில் ஓய்வு பெறுகிறார். சூன் மாதத்தில் பூட்டு இருக்கிறது, சாவி இருக்கிறது, திறப்பவர் இல்லை.

'சாட்டை'க்கு வருவோம். அதன் இயக்குநர் அன்பழகன். சமுத்திரக்கனி ஏற்ற தயாளன் என்னும் இயற்பியல் ஆசிரியர்தான் அங்கே நாயகர். தம்பி இராமையா ஏற்ற துணைத் தலைமையாசிரியர்தான் எதிரி. இவ்விருவரின் மோதலில் படம் ஓடுகிறது, விறுவிறுப்பாகவே ஓடுகிறது. ஆனால் நம் கண் இவ்விருவர்மீதும் நிற்கவில்லை. மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். ஜூனியர் பாலையா ஏற்ற தலைமையாசிரியர். நல்லவர்; பிள்ளைகள் உருப்படவேண்டும் என்று உளமார விரும்புகிறவர்; ஆனால் தம் கீழிருக்கும் ஒருவரின் அட்டகாசத்தை அடக்க வகையறியாதவர். படம் அவரைப் பார்த்து இரங்குகிறது. அத்தோடு விட்டுவிடுகிறது. நம்மைக் கேட்டால், அந்தப் படத்தின் உண்மையான கதை அவருடையது. நாட்டிலே அயோக்கியத் தலைமையாசிரியர்கள் சிலர்தாம்; தயாளன்களும் சிலர்தாம். ஆயிரக்கணக்கான பள்ளிகளின் நாற்காலிகளில் அமர்ந்திருப்பவர் ஜூனியர் பாலையா காட்டிய அந்த நல்ல மனிதர். அவர் ஏன் தடுமாறுகிறார் என்று ஒரு காட்சி, ஒரே ஒரு காட்சி, இருந்திருக்கக் கூடாதா?

படம் சொல்லாததை நாம் சொல்லிப் பார்ப்போம்.

ஒருவர் முப்பது வயதில் கணித ஆசிரியராகிறார். நன்றாகக் கற்பிக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகை ஒன்றே அவர் உலகம். பணிமூப்புப் பட்டியலிலே அவர் பெயர் மெல்ல மெல்ல மேலேறுகிறது. ஒருநாள் கலந்தாய்வுக்கு அழைப்பு வருகிறது, திரையிலே காட்டிய காலியிடங்களில் ஒன்றைத் தேர்கிறார், கையெழுத்திடுகிறார். வேறொரு நாள் அந்த நாற்காலியில் அமர்கிறார். ஓய்வுக்கு இன்னும் நாலைந்து ஆண்டுகள் இருக்கலாம். சிலருக்கு அதுவும் இராது. நேற்றுவரை ஒரு பாடம்; இன்று ஒரு பள்ளி. விலையில்லாப் பாடநூல், காலணி, மிதிவண்டி, உதவித்தொகை, காலைச் சிற்றுண்டி, நண்பகல் உணவு, கழிப்பறை, குடிநீர், கட்டட ஒப்பந்தக்காரர், வங்கிக் கணக்கு, வழக்குமன்ற அழைப்பாணை, கணினியில் நாள்தோறும் ஏற்றவேண்டிய புள்ளிவிவரம் எல்லாம் ஒரே நாளில் தலைமேல் விழுகின்றன. நாம் அறிந்த ஒருவர், கணிதத்தில் வல்லவர், தலைமை ஏற்ற முதல் ஆண்டில் ஒரு வகுப்பில் கூடக் கால்மணி நேரம் அமர முடியவில்லை என்று நம்மிடம் வருந்தினார். சக ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து கவனிப்பது எப்படி, கண்ட குறையை அவர் மனம் நோகாமலும் உண்மை குன்றாமலும் சொல்வது எப்படி, இரு பிரிவாகப் பிளந்து கிடக்கும் ஆசிரியர் அறையை ஒன்றாக்குவது எப்படி, பணத்தை நேர்மையாகவும் காலத்திலும் செலவிடுவது எப்படி? இவற்றை அவருக்கு எவர் கற்பித்தார்? நாற்காலியில் அமர்ந்தபின் சில நாள் பயிற்சி உண்டு என்பார்கள். உண்டு. ஓர் அறை, திரையிலே எழுத்து, இடையிலே தேநீர், இறுதியிலே சான்றிதழ். நீந்தத் தெரியாதவனை ஆற்றில் இறக்கிவிட்டுக் கரையிலிருந்து நீச்சலைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவது போன்றது அது.

நாம் வாழும் பகுதியிலே ஓர் உவமை எளிதில் கிடைக்கிறது. பச்சைத் தோலை எவனும் அப்படியே செருப்பாகத் தைப்பதில்லை. சுண்ணாம்பிலே ஊறவேண்டும், மயிர் நீங்கவேண்டும், ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காயிலும் கிடந்து பதம் பெறவேண்டும். குரோமிய உப்பு வந்து வேலையை விரைவுபடுத்தியபின்னும், படிகளைத் தாண்டிக் குதிக்கும் வழியை எவரும் கண்டுபிடிக்கவில்லை. இந்தப் பதத்தை ஆராய்வதற்கென்றே 1948இல் சென்னை அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது. நல்லது, அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் தொழில். பள்ளித் தலைமையைப் பற்றி ஆராயவும் பயிற்றவும் தில்லியிலே தேசியக் கல்வித் திட்டமிடல் பல்கலைக்கழகத்துக்குள் ஒரு மையம் எப்போது தோன்றிற்று என்கிறீர்கள்? 2012இல்! தோலுக்கும் தலைமையாசிரியருக்கும் இடையே அறுபத்து நான்கு ஆண்டுகள். அம்மையம் வகுத்த பாடத்திட்டத்தில் ஏழு பகுதிகள் உள்ளன. கற்றல் கற்பித்தலை மாற்றியமைத்தல், குழுவை உருவாக்கி நடத்துதல், பெற்றோரோடும் ஊரோடும் கூட்டுறவு கொள்ளுதல் முதலியவை அவற்றுள் அடங்கும். ஏட்டிலே குறையில்லை. அந்த ஏடு பேர்ணாம்பட்டுச் சந்தைக்குப் பக்கத்துப் பள்ளிக்கு வந்துசேரும் வழிதான் இன்னும் போடப்படவில்லை.

தலைமையாசிரியர் ஒருவரால் அப்படி என்ன ஆகிவிடும் என்று கேட்பவர் உண்டு. அவதாரம் வேண்டாம் என்று சொன்ன நாமே தலைமையை வற்புறுத்துவது முரண் அன்றோ என்றும் கேட்கலாம். முரண் இல்லை. 2004இல் கென்னத் லீத்வுட் முதலிய அறிஞர்கள் அமெரிக்காவிலே வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு ஒன்று, பள்ளிக்குள் மாணவரின் கற்றலைப் பாதிக்கும் காரணங்களில் முதலிடம் வகுப்பறைக் கற்பித்தலுக்கு, இரண்டாமிடம் பள்ளித் தலைமைக்கு என்று முடிவு கண்டது. கவனியுங்கள்: ஆசிரியரே முதல். தலைவரின் வேலை அந்த ஆசிரியர்களைக் கொண்டு செல்வது. திரைப்படத்தின் கணக்கிலோ தலைவர் ஒருவரே எல்லாம். ஆசிரியர்கள் திட்டு வாங்கிக்கொண்டு தலைகுனியும் கூட்டம்.

அந்த வேலை இங்கே, இந்தப் பாலாற்றங்கரையிலே, எப்படிப்பட்டது என்று பார்ப்போம். 2024இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாநிலத் தேர்ச்சி 91.55 விழுக்காடு. அரியலூர் 97.31 பெற்று முதலிடத்தில் நின்றது. வேலூர் 82.07 பெற்றுக் கடைசியில் நின்றது. இந்தியாவின் தோலும் காலணியும் கப்பலேறுவதில் பெரும்பங்கு கொண்ட பகுதியின் தலைநகருக்கு இந்த இடம்! பிள்ளைகளுக்கு அறிவு குறைவா? வேலூர்ப் பிள்ளைக்கும் அரியலூர்ப் பிள்ளைக்கும் மூளையிலே வேறுபாடு கண்டவர் எவரும் இலர். வேறுபாடு வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும் இருக்கிறது.

பொழுது புலர்ந்ததும் ஊர் ஊராகத் தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், தாய்மார்கள். பிள்ளை தானே தலைவாரிக்கொண்டு, தம்பியையும் இழுத்துக்கொண்டு, பள்ளி வாயிலுக்கு வருகிறது, வாயில் பூட்டியிருக்கிறது. மாலையில் பள்ளி விட்டபின் தாய் திரும்பும்வரை தெருவே வீடு. இதை அறிந்த தலைமையாசிரியர் வாயிலை முன்னதாகத் திறப்பார். நூலக அலமாரியையும் திறப்பார். ஒருவரை முறைவைத்து அமர்த்துவார். அரசாணை தேவையில்லை, அடிதடி தேவையில்லை. அறிந்திருக்கவேண்டும், அவ்வளவே.

பள்ளி மேலாண்மைக் குழுவை எடுத்துக்கொள்வோம். சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். 2022இல் தமிழ்நாட்டிலே அக்குழுக்கள் புத்துயிர் பெற்றன; 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 உறுப்பினர்களாக விரிந்தன. மிக நல்ல ஏற்பாடு. கூட்டமோ பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில்! அந்நேரம் தாய் எங்கே இருக்கிறார்? தையல் இயந்திரத்தின் முன்னே. வந்தால் அரைநாள் கூலி போகும். ஆகவே வீட்டிலே இருக்கும் பாட்டி வந்து கைநாட்டு வைக்கிறார். தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று குறிப்பேடு சொல்கிறது. இதிலே எவரும் குற்றவாளி இல்லை. ஆனால் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றித் தரவேண்டும் என்று மேலதிகாரியிடம் எழுதிக் கேட்கலாம், கேட்டுப் பெறலாம் என்னும் எண்ணம் ஒருவருக்கு வரவேண்டுமே! ஆணையைப் படித்து நிறைவேற்றுகிறவர் அலுவலர். ஆணையின் நோக்கத்தைத் தம் ஊரோடு பொருத்திப் பார்க்கிறவரைத்தான் நாம் தலைவர் என்கிறோம்.

இன்னும் கேளுங்கள். இப்பகுதியில் ஒரு தெருவிலே தமிழ், அடுத்த தெருவிலே உருது, ஆந்திர எல்லை ஓரத்திலே தெலுங்கு. ஓர் ஊரிலே நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப்பள்ளி, முசுலிம் கல்விச் சங்கப் பள்ளி, கிறித்தவத் திருச்சபைப் பள்ளி என்று நான்கு நிருவாகங்கள். தோலைத் தொட்டவன் தீட்டு என்று சொன்ன சமுதாயம், அந்தத் தோல் கப்பலேறிப் பணமாகத் திரும்பும்போது தீட்டுப் பார்த்ததில்லை. தோலைப் பதனிட்டவன் பிள்ளை பக்கத்தில் அமரும்போது மட்டும் பார்க்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியிலே ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள்ளேயே சக மாணவர்களால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின், ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துருவின் குழு அமைந்தது. 2024 சூனில் அறிக்கை தந்தது. ஒரு வட்டாரத்தில் பெரும்பான்மையாயுள்ள சாதியைச் சேர்ந்தவரை அவ்வட்டாரத்தின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குத் தலைமையாசிரியராக அமர்த்தலாகாது என்ற கருத்தும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. தலைமையாசிரியரின் நாற்காலி எத்துணைக் கூர்மையான இடம் என்பதை உணர்ந்து எழுதப்பட்ட வரி அது. நாம் ஒன்று சேர்ப்போம்: எந்தச் சாதியில் பிறந்தவராயினும், வகுப்பறையிலே சாதி தலைகாட்டும்போது என்ன செய்யவேண்டும் என்று அவர் முன்பே கற்றிருக்கவேண்டும். கையிலே வண்ணக் கயிறு கட்டி வரும் பிள்ளையிடம் பேசுவது ஒரு கலை. திரைநாயகர் அதை ஓங்கிய கையால் முடித்துவிடுகிறார். நமக்கு அந்த வசதி இல்லை, இருக்கவும் கூடாது.

இந்த மண்ணுக்குத் தலைமை என்பது புதிய பாடமும் அன்று. 1953இல் அரைநாள் பள்ளி, மீதிநாள் பெற்றோர் தொழில் என்று ஒரு திட்டம் வந்ததை நம் பாட்டனார்கள் எதிர்த்தார்கள். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். 1954இல் அது கைவிடப்பட்டது. அது நிலைத்திருந்தால் ஆம்பூரிலே பாதிப் பிள்ளைகள் நண்பகலுக்குப் பின் தோல் தொட்டிக்குத் திரும்பியிருப்பார்கள். அதே 1954இல் பொதுக்கல்வி இயக்குநராக வந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. பகுத்தறிவாளர். காமராசர் ஆட்சியிலே பகலுணவுத் திட்டத்தை ஊரார் துணையோடு பரப்பியவர்களுள் முதல்வர். அவர் 1950களின் இறுதியிலே தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை இன்றைய இளைஞர் பலர் கேள்விப்பட்டதும் இல்லை. கடம்பத்தூரிலே தொடங்கிப் பின் நாடெங்கும் பரவின அவை. பள்ளிக்கு என்னென்ன குறை என்று ஆசிரியர்களே கணக்கெடுத்தார்கள். ஊரார் முன் வைத்தார்கள். ஒருவர் நிலம் தந்தார், ஒருவர் பெஞ்சு தந்தார், ஒருவர் கரும்பலகை தந்தார். பொருள் வந்தது பெரிதன்று. தம் பள்ளியின் தேவையைத் தாமே கண்டறிந்து ஊரைக் கூட்டி எடுத்துரைக்கும் பழக்கம் சிற்றூர்த் தலைமையாசிரியர்களுக்கு வந்ததே, அதுதான் பெரிது. எந்தச் சான்றிதழும் தராத பயிற்சி அது. அவர்களுக்கு உதவியது மேலிருந்து இறங்கிய அவதாரம் அன்று. மேலே இருந்தும் கீழே உள்ளவரை நம்பிய ஓர் இயக்குநர்.

கடல் கடந்து பார்த்தால் வெட்கம் மிகுகிறது. சிங்கப்பூரிலே 1984 முதலே பள்ளித் தலைமைக்கென்று பட்டயப் படிப்பு இருந்தது. 2001 முதல் ஆறுமாத முழுநேரப் பயிற்சியாக அது மாறிற்று. வருங்காலத் தலைவர்களை முன்கூட்டியே தேர்ந்து, சம்பளத்தோடு படிக்க அனுப்புகிறார்கள். மலேசியாவிலே 1979இல் ஒரு நிறுவனம் தோன்றிற்று; பின்னர் அது அமினுடின் பாக்கியின் பெயரைப் பெற்றது. பள்ளி நிருவாகத்துக்கே உரியது அது. அந்நாட்டின் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களும் அந்த ஏற்பாட்டுக்குள்ளேதான் வருகிறார்கள். ஈழத்திலே பள்ளித் தலைவரை அதிபர் என்பார்கள். அதிபர் சேவை என்றே தனிப் பணிநிலை உண்டு, போட்டித் தேர்வு எழுதி அதில் நுழையவேண்டும். இவை எல்லாம் குறையற்றவை என்று நாம் சொல்லவில்லை. தேர்வு எழுதத் தெரிந்தவரெல்லாம் பள்ளி நடத்தத் தெரிந்தவர் ஆகிவிடமாட்டார். எனினும், தலைமை என்பது தனியே கற்கவேண்டிய தொழில் என்பதை அந்நாடுகள் ஒப்புக்கொண்டுவிட்டன. நாம் அதை இன்னும் மூப்பின் பரிசாகவே வைத்திருக்கிறோம்.

2025 செப்டம்பர் முதல் நாள் உச்சநீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கிற்று. ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் எஞ்சியுள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேறவேண்டும். பதவி உயர்வு வேண்டுவோருக்கும் அத்தேர்ச்சி வேண்டும் என்றது. ஆசிரியர் உலகம் கொதித்தது. முன்பு 2023 திசம்பரில், தொடக்கப் பள்ளி ஆசிரியரின் பணிமூப்பை ஒன்றிய அளவிலிருந்து மாநில அளவுக்கு மாற்றிய 243ஆம் அரசாணை வந்தபோதும் கொதித்தது. கொதித்ததில் நியாயம் உண்டு. நடுவயதில் வேலையும் ஊரும் ஆட்டம் காணும்போது எவர்தான் கொதிக்கமாட்டார்? ஆனால் இவ்வளவு கிளர்ச்சியிலும், எவர் முந்தி எவர் பிந்தி என்ற பேச்சு கேட்டது. அந்த நாற்காலியில் அமர்பவர் என்ன கற்றிருக்கவேண்டும் என்ற பேச்சு கேட்கவில்லை. தகுதித் தேர்வோ குழந்தை உளவியலும் மொழியும் கணக்கும் அறிவியலும் கேட்கிறது. நல்ல ஆசிரியரா என்று ஓரளவு காட்டும். நல்ல தலைவரா என்று காட்டாது.

அண்ணா பெயரிலே தலைமைத்துவ விருது ஒன்றைத் தமிழக அரசு நிறுவியிருக்கிறது. சிறந்த நூறு தலைமையாசிரியர்களைத் தேர்ந்து, அவர்கள் பள்ளிக்குப் பத்து இலட்சம் உரூபா ஊக்கநிதி. மகிழ்கிறோம், பெற்றவர்களை வணங்குகிறோம். ஆனால் விருது ஏற்கெனவே முளைத்த பயிருக்குத் தண்ணீர். முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் நூறு போக மீதியை எண்ணிப் பாருங்கள். விருது பெற்ற அந்த நூற்றுவரின் பள்ளிகளிலே, நாளைக்குத் தலைமை ஏற்க இருப்பவர்கள் ஓராண்டு உடனிருந்து பணியாற்றினால் என்ன? மூப்புப் பட்டியலில் அடுத்த ஐந்தாண்டுக்குள் வர இருப்பவர் எவரெவர் என்று துறைக்குத் தெரியும். நாற்காலிக்குப் பின் தரும் பயிற்சியை நாற்காலிக்கு முன் தருவதற்குப் புதிய சட்டம் வேண்டுமா? மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன, கட்டடம் இருக்கிறது, பேராசிரியர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலைக்கு மேற்பார்வையாளரை எடுக்கும் ஆம்பூர் முதலாளி கூட, தைக்கத் தெரிந்தவரை உடனே மேற்பார்வைக்கு அனுப்புவதில்லை. சில மாதம் ஒருவரோடு நிற்கவைத்துப் பார்க்கிறார்.

படங்களைப் பற்றித் தொடங்கினோம், படத்தோடு நிறுத்துவோம். இந்தப் பொருளிலே நம் மனத்துக்கு மிக நெருக்கமான படம் மேலே சொன்ன இரண்டும் அல்ல. 2011இல் சற்குணம் இயக்கிய 'வாகை சூட வா'. 1960களின் நடுவே நிகழும் கதை. செங்கற்சூளையிலே மண் பிசையும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேலுத்தம்பி என்னும் இளைஞன் வருகிறான். எந்த இலட்சியமும் இல்லாமல் வருகிறான். அரசு வேலைக்குத் துணையாகும் என்று வருகிறான். பிள்ளைகள் அவனை ஓட ஓட விரட்டிக் கேலி செய்கிறார்கள். அவன் எவரையும் அடிக்கவில்லை, எவருக்கும் முழங்கவில்லை. சூளை என்றால் என்ன, கூலிக் கணக்கு எப்படி, இம்மக்கள் எங்கே ஏமாற்றப்படுகிறார்கள் என்று மெல்ல மெல்லக் கற்கிறான். அந்த ஊர்தான் அவனை ஆசிரியனாக்குகிறது. படம் தேசிய விருது பெற்றது. 'ராட்சசி' அளவுக்குக் கைப்பேசிகளில் தாவவில்லை.

அந்த வேலுத்தம்பி முப்பது ஆண்டு கழித்துத் தலைமையாசிரியர் ஆகும் கதையை எவரேனும் எடுக்கட்டும். களம் தேடி அலையவேண்டாம். ஆம்பூருக்கோ பேர்ணாம்பட்டுக்கோ விடியலில் வந்து நிற்கட்டும். தொழிற்சாலைப் பேருந்து புறப்பட்டுப் போகும். பிள்ளைகள் பள்ளி வாயிலுக்கு வருவார்கள். அங்கே பூட்டு திறந்திருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்பதிலிருந்து கதையைத் தொடங்கலாம். இரண்டாம் காட்சியில், தலைமையாசிரியர் ஆறாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் அமர்ந்து இளைய ஆசிரியை ஒருவரின் பாடத்தைக் கேட்கட்டும். மணி அடித்தபின் இருவரும் வேப்பமரத்தடியில் நின்று பேசட்டும். அவர் என்ன சொல்கிறார், அந்த அம்மையார் என்ன மறுமொழி சொல்கிறார் என்று உரையாடல் எழுதத் தெரிந்த கதாசிரியர் நம்மிடையே இருக்கிறாரா என்று பார்ப்போம்.